பல் விழுந்த ஸ்டாம்புக்கு என்ன விலை?

அச்சுப் பிழையுள்ள தபால்தலைகளைப் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், ஒருவருக்குச் சொன்ன பதிலே மற்றவர்களுக்கும்.

தபால் நிலையத்தில் வாங்கிய ஷீட்டில் துளை வரிசை தள்ளி விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தலையிலும் பக்கத்துத் தலையின் ஓரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. லட்சம் பெறும் என்கிறான் அண்ணன் மகன். நிஜமா அண்ணாச்சி?
– வாசகர், பாளையங்கோட்டை

லட்சம் பெறாது. ஆனால் கிழித்துக் கடிதத்தில் ஒட்டிவிடவும் வேண்டாம்.

அச்சடிப்பது ஒரு வேலை, துளையிடுவது தனி வேலை. அச்சான தாள்களைச் சில சமயம் அடுக்காக வைத்தே துளை போடுவார்கள். அடுக்கு ஒரு நூல் நகர்ந்தால் அதிலிருக்கும் அத்தனை ஷீட்டிலும் துளை தள்ளிப்போகும். ஆகவே இந்தக் குறை தனியாகப் பிறப்பதில்லை, கூட்டமாகத்தான் பிறக்கிறது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தள்ளியதற்குச் சேகரிப்பாளர் யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. துளை படத்தின் நடுவே ஓடி, விலை எண் மேலேயும் நாட்டின் பெயர் அடுத்த தலையிலுமாகப் பிரிந்து நின்றால் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதற்கு ஒரு சிறு விலை உண்டு.

உண்மையில் விலை போவது துளையே விழாத தலை. அதிலும் ஒற்றைத் தலையை நம்பி யாரும் பணம் தரமாட்டார்கள். நாலு பக்கமும் பல்லைக் கத்தரியால் நறுக்கிவிட்டு 'துளை இல்லாதது' என்று விற்பது இந்தத் தொழிலில் மிகப் பழைய ஏமாற்று. அதனால்தான் ஜோடியாகக் கேட்கிறார்கள். இரண்டு தலைகள் ஒட்டியபடி, நடுவில் துளையில்லாமல் இருந்தால் நறுக்கியதாகச் சொல்ல வழியில்லை. ஒற்றைத் தலைதான் கையில் இருக்கிறது என்றால், அதே வெளியீட்டின் சாதாரணத் தலை ஒன்றை அதன் மேல் வையுங்கள். சந்தேகத் தலையின் ஓரம் நாலு பக்கமும் மற்றதன் பல் நுனியைத் தாண்டி நன்றாக வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கம் உள்ளே போனாலும் நறுக்கியதென்றே கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். ஊசி தேய்ந்துபோனால் தாளைக் குத்தித் துளைக்காமல் அமுக்கிவிட்டு மட்டும் போகும். நேராகப் பார்த்தால் துளையில்லாத ஜோடி போலவே இருக்கும். விளக்குக்குச் சாய்வாகப் பிடித்து பின்புறத்தைப் பாருங்கள். வரிசையாக மெல்லிய பள்ளங்கள் தெரியும். ஒரே ஒரு பள்ளம் தெரிந்தாலும் அதைத் துளையில்லாத் தலையாக ஏற்கமாட்டார்கள்.

உங்கள் ஷீட்டை ஓரத் தாளோடு முழுசாக வையுங்கள். வாங்கிய ரசீது இருந்தால் அதையும் கூடவே வையுங்கள். பிழையுள்ள தலையும் பிழையில்லாத தலையும் ஒரே பிளாக்கில், அதாவது பிரிக்காத ஒரே துண்டில், சேர்ந்து நின்றால், பிழை எங்கே தொடங்கியது என்று காட்டும் அந்தப் பிளாக்குக்குத்தான் மதிப்பு அதிகம். அதைப் பிரித்துவிட்டால் பிறகு ஒட்ட முடியாது.

1960இல் வந்த பாரதியார் தபால்தலை எங்களிடம் இருக்கிறது. எல்லோரிடமும் நல்ல நீலம், எங்களுடையது சாம்பல் பூத்தாற்போல் வெளிறியிருக்கிறது. நிறப் பிழைதானே?
– வாசகி, எட்டயபுரம்

அது 1960 செப்டம்பர் 11 அன்று வெளியான 15 நயா பைசா தலை, ஒற்றை நிற அச்சு. ஒரே நிறத்தில் அடித்த தலையில் 'ஒரு நிறம் விட்டுப்போவது' என்ற பேச்சுக்கே இடமில்லை. மை குறைவாக விழுந்திருக்கலாம், அல்லது வெயில் தின்றிருக்கலாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சட்டத்தின் விளிம்பு மறைத்த மூலை மட்டும் இன்னும் நீலமாக இருந்தால் விஷயம் முடிந்தது.

நிறம் மாறிய தலைகளில் பெரும்பாலானவை அச்சகத்தைவிட்டு நல்லபடியாகத்தான் கிளம்பியிருக்கும். பச்சை என்பது பல மைகளில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தது. வெயிலில் மஞ்சள் முதலில் போகும், தலை நீலமாகிவிடும். ஈயம் கலந்த ஆரஞ்சும் சிவப்பும் காற்றிலுள்ள கந்தக வாயு பட்டுக் கறுக்கும். போதாக்குறைக்கு, வேண்டுமென்றே பிளீச்சில் நனைத்து 'நிறப் பிழை' தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி, இருட்டறையில் சந்தேகத் தலையையும் நல்ல தலையையும் அருகருகே வைத்து அடித்துப் பாருங்கள். தாள் ஒளிரும் விதம் வேறுபட்டால் ஏதோ மருந்து பட்டிருக்கிறது.

பல நிறத் தலையில் ஒரு நிறம் முழுக்க விட்டுப்போயிருந்தால் அது நல்ல விலையுள்ள பிழை. ஆனால் 'முழுக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்து மடங்கு லென்ஸில் அந்த நிறத்தின் ஒரு புள்ளி தெரிந்தாலும் அது 'மங்கல் அச்சு'. விலை மளமளவென்று இறங்கிவிடும்.

எங்கள் அரங்கு வீட்டு டிரங்குப் பெட்டியில் சங்கு முத்திரை போட்ட பழைய தலைகளும் கவர்களும் கிடைத்தன. சிலவற்றில் மேலே அச்சிட்ட எழுத்து தலைகீழாக இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?
– வாசகர், செங்கோட்டை

முதலில் ஒன்று: எதையும் தண்ணீரில் போடாதீர்கள். கவரில் ஒட்டியிருப்பது கவரிலேயே இருக்கட்டும்.

1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேரும்வரை செங்கோட்டை மலையாளக்கரை ஆட்சியில் இருந்த ஊர். அங்கே கடிதம் சுமந்தது 'அஞ்சல்' என்ற திருவிதாங்கூர் சமஸ்தானத் தபால். 1888 முதல் அதற்குத் தனித் தலைகள். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சமஸ்தான ரூபாய் என்ற கணக்கில் விலை போட்டிருக்கும். 1951இல் இந்தியத் தபாலோடு அஞ்சல் கலந்தது. தென்காசியில் இந்தியத் தபால்தலை, கூப்பிடு தூரத்தில் உங்கள் ஊரில் சங்குத் தலை. இந்த விசித்திரத்தால் செங்கோட்டை முத்திரை தெளிவாக விழுந்த கவருக்கு, பிழை எதுவும் இல்லாவிட்டாலும், தபால் வரலாறு சேர்ப்பவர்களிடம் கிராக்கி உண்டு.

இனி பிழைக்கு வருவோம். இந்தத் தலைகள் திருவனந்தபுரத்திலேயே அச்சானவை. வேலை அத்தனை நுணுக்கமில்லை. தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறிச் சங்கு தலைகீழாகவோ பக்கவாட்டிலோ இருப்பது இவற்றில் சாதாரணம், தாளை எப்படி வேண்டுமானாலும் திருப்பி ஊட்டியிருக்கிறார்கள். அதற்கு விலை ஏற்ற வேண்டாம். இரண்டு தலைகளுக்கு நடுவில் மட்டும் துளை விழாத ஜோடிகளைப் பட்டியல் புத்தகங்கள் தனியாக விலை போட்டுக் காட்டுகின்றன, அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

மேலச்சு, அதாவது அச்சான தலையின்மேல் மறுபடி அடித்த எழுத்து, அதுதான் சுரங்கம். 1911 முதல் அரசு உபயோகத்துக்கு 'ஆன் சி ஜி எஸ்' என்று ஆங்கிலத்தில் மேலச்சிட்டார்கள். ஈய எழுத்தைக் கையால் கோத்து அடித்ததால் ஒரு எழுத்து தலைகீழ், ஒரு எழுத்து காணோம், முழு மேலச்சே தலைகீழ், இரண்டு முறை விழுந்தது என்று ரகம் ரகமாக வரும். 1949 ஜூலையில் கொச்சியோடு இணைந்தபின், பழைய சக்கரத் தலைகளின் மேல் அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) விலையை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அடித்தார்கள். அவசர வேலை, பிழையும் அதற்கேற்ப ஏராளம்.

ஆனால் கள்ள மேலச்சு போடுவதும் சுலபம். மலிவுத் தலை, கறுப்பு மை, பழைய எழுத்து இருந்தால் போதும். பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: தபால் முத்திரையின் கோடும் மேலச்சின் எழுத்தும் குறுக்கிட்டுக்கொள்ளும் புள்ளி. பத்து மடங்கு லென்ஸை அங்கே வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தலையைச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். முத்திரை மேலே, மேலச்சு அடியில் என்று இருக்க வேண்டும். மேலச்சு முத்திரைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தால், தபாலில் போய் வந்த தலையில் பிற்பாடு யாரோ அடித்தது. இரண்டுமே கறுப்பு என்பதால் ஒரு பார்வையில் தெரியாது. பொறுமையாக நாலைந்து கோணத்தில் பாருங்கள்.

பிறகு தலையைத் திருப்பிப் பின்புறம். ஈய எழுத்து தாளைக் கடித்து அச்சிடும், பின்னால் லேசாகப் புடைத்திருக்கும். முன்னால் எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கிக் கரை கட்டியதுபோல் ஒரு கறுத்த கோடு தெரியும். இன்றைய பிரிண்டரில் அடித்த கள்ள மேலச்சில் கடியும் இருக்காது, கரையும் இருக்காது. விளிம்பில் பொடிப்பொடியாகப் புள்ளி தெறித்திருக்கும்.

நீர்க்குறி பார்க்க லைட்டர் பெட்ரோலைக் கறுப்புத் தட்டில் இரண்டு சொட்டு விடுவது வழக்கம். கவரில் இருக்கும் தலைக்கு அது வேண்டாம். 1952க்குப் பிந்தைய இந்தியத் தலைகளில் பல போட்டோகிராவூர் அச்சு. அந்த மை சிலவற்றில் பெட்ரோல் பட்டால் கலையும், அவற்றுக்கும் வேண்டாம். அடுப்படியில் வைத்துச் செய்யவே வேண்டாம்.

பினாங்கிலிருந்து தாத்தா கொண்டுவந்த தலைகளில் ஜப்பானிய எழுத்து முத்திரை தலைகீழாகக் குத்தியிருக்கிறது. தலைகீழ் என்றால் கூடுதல் விலைதானே?
– வாசகர், கடையநல்லூர்

1942இல் மலாயாவைப் பிடித்ததும் ஜப்பானியர் அங்கிருந்த தலைகளின்மேல் ரப்பர் ஸ்டாம்பு போலக் கையாலேயே முத்திரை குத்தினார்கள். கையால் குத்தினால் நேராகவும் விழும், சாய்வாகவும் விழும், தலைகீழாகவும் விழும். ஆகவே அந்த ரகத்தில் தலைகீழ் என்பது பெரிய அதிசயமில்லை. பிறகு இயந்திரத்தில் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று அச்சிட்டார்கள். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் 1942. இயந்திரத்தில் அடித்தது தலைகீழாக விழுந்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு. இரண்டு ரகத்திலும் போலி மண்டிக் கிடக்கிறது. நிபுணர் சான்று இல்லாமல் விற்கவோ வாங்கவோ இறங்காதீர்கள். தாத்தாவின் கடிதம் அதே கவருக்குள் இருந்தால், பிரிக்காமல் வைத்திருப்பதே நல்ல சான்று.

நடுப்படம் தலைகீழாக அச்சான தபால்தலை இந்தியாவில் உண்டா? இப்போது வருகிற தலைகளில் கிடைக்க வாய்ப்பிருக்கிறதா?
– வாசகர், தூத்துக்குடி

உண்டு, உலகிலேயே பழையவற்றில் ஒன்று நம்முடையது. 1854இல் கல்கத்தாவில் கல்லச்சில் அடித்த நாலணாத் தலை. சட்டம் சிவப்பு, நடுவிலிருக்கும் விக்டோரியா ராணியின் உருவம் நீலம். இரண்டு நிறம் என்றால் தாள் இரண்டு முறை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டாம் முறை தாள் திரும்பிப் போய்விட்டால் ராணி தலைகீழ். இன்று தெரிந்திருப்பவை ஏறத்தாழ 30தான். அவற்றிலும் பெரும்பாலானவை, அந்தக் காலத்து வழக்கப்படி எட்டு மூலையாகக் கத்தரித்து ஒட்டப்பட்டவை. அப்படியிருந்தும் விலை கோடியில் நிற்கிறது.

அமெரிக்காவில் 1918இல் 24 சென்ட் விமானத் தலை இப்படித் தலைகீழானது. 100 தலை கொண்ட ஒரே ஒரு ஷீட் கவுண்டரைத் தாண்டியது. 24 டாலருக்கு வாங்கியவர் சில நாளில் 15,000 டாலருக்கு விற்றார்.

இதற்கு நேரெதிரான கதை 1962இல் நடந்தது. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஹாமர்ஷோல்டு நினைவாக அமெரிக்கா வெளியிட்ட 4 சென்ட் தலையில் மஞ்சள் நிறம் தலைகீழாக விழுந்தது. கண்டுபிடித்தவர்கள் அதிர்ஷ்டம் அடித்ததென்று குதித்தார்கள். தபால் துறை சும்மா இருக்கவில்லை. அதே பிழையை வேண்டுமென்றே கோடிக்கணக்கில் அச்சிட்டு எல்லாக் கவுண்டரிலும் விற்றுவிட்டது. இன்று அந்தப் பிழைத் தலை டீ விலைக்குக் கிடைக்கும். பிழை அதேதான், எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடலாம்.

இப்போதைய தலைகளில்? தாள் சுருளாக ஓடி, எல்லா நிறமும் ஒரே ஓட்டத்தில் விழும் இயந்திரத்தில் ஒரு நிறம் மட்டும் தலைகீழாகத் திரும்ப வழியே இல்லை. தனித்தனித் தாளாக ஊட்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சுக்குப் போகும் வேலையில் மட்டுமே அது நடக்கும். ஆகவே யாராவது 'புதிய தலைகீழ்ப் பிழை' என்று கொண்டுவந்தால், இது எந்த இயந்திரத்தில் எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும் என்று ஒரு கேள்வி போடுங்கள். பதில் கிடைக்காத பிழை, பெரும்பாலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் பிறந்தது.

தலையின் பின்பக்கம், பசைமேல், அதே படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலமாகப் பதிந்திருக்கிறது.
– வாசகர், கோவில்பட்டி

மை காயுமுன் தாளை அடுக்கியதால் கீழ்த்தாளின் ஈரம் மேல்தாளின் முதுகில் ஒட்டியது. மங்கலாக இருந்தால் ஒன்றுமில்லை. படம் முழுதாக, கூர்மையாக விழுந்திருந்தால் சேகரிப்பாளர் வாங்குவார், ஆனால் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம். நேர்ப்படமாகவே பின்னாலும் இருந்தால் விஷயம் வேறு, அது இருபுறமும் அச்சானது. அதைப் பத்திரப்படுத்துங்கள்.

தபால்தலையில் படமே தவறாக இருந்தால்?
– வாசகி, சங்கரன்கோவில்

அது வடிவமைப்பில் நேர்ந்த பிழை. அச்சான எல்லாத் தலையிலும் இருக்கும், அதனால் அரிதாகாது. 1949இல் வந்த இந்தியத் தொல்லியல் வரிசையின் ஓரணாத் தலையில் போதிசத்துவர் இடவலம் மாறி அச்சானார். 1950இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். பயன்படுத்திய தலைகள் இரண்டும் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே ஆல்பத்தில் வைத்தால் அழகு, பணமாகாது. வெளியிட்ட கையோடு திரும்பப் பெற்ற தலையாக இருந்தால்தான் கதை மாறும்.

பிழைத் தலைக்கு விலை குறிப்பது எப்படி? எங்கே விற்பது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற தபால்தலை விலைப் பட்டியல் புத்தகத்தில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணுக்கு அடியில் சின்ன எழுத்து ஏ, பி என்று போட்டு, அங்கீகரித்த பிழைகளைக் காட்டியிருப்பார்கள். உங்கள் பிழை அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று: அது விலை பெறாத சிறு குறை, அல்லது இதுவரை யாரும் பார்க்காதது. முதலாவதுதான் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

பட்டியல் விலை என்பது, நல்ல நிலையிலுள்ள தலையைக் கடைக்காரர் விற்கும் விலை. நீங்கள் விற்கப் போனால் அது கிடைக்காது. பசை போனது, மூலை மடங்கியது, பழுப்புப் புள்ளி விழுந்தது, ஒரு பல் குட்டையானது என்று ஒவ்வொன்றுக்கும் விலை இறங்கும். இணையத்தில் ஒருவர் ஐம்பதாயிரம் என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. ஏலங்களில் விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள். மூன்று விற்பனை கிடைத்தால் நடுவிலிருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏலக்காரர் விற்பவரிடம் கமிஷனும் வாங்குபவரிடம் பிரீமியமும் எடுப்பார், அதையும் கணக்கில் கழியுங்கள்.

பெரிய தொகை பெறும் தலை என்று தோன்றினால் சான்றிதழ் வாங்குங்கள். லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டி 1869இல் தொடங்கியது, அதன் நிபுணர் குழுவின் சான்றை உலகம் முழுதும் ஏற்கிறார்கள். கட்டணமும் தபால் செலவும் ஆகும் என்பதால் சில ஆயிரம் ரூபாய்த் தலைக்கு அது கட்டுப்படியாகாது.

ஒரு எச்சரிக்கை. அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்கள் எப்படியோ வெளியே வந்து 'பிழை' என்று சுற்றுவதுண்டு. தபால் நிலையக் கவுண்டரில் விற்காத எதுவும் பிழைத் தலை ஆகாது, அது குப்பை. அதோடு, எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வாட்ஸ்அப்பில், பழைய ஐந்து பைசா ஸ்டாம்புக்கு மூன்று லட்சம் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள் என்று செய்தி வந்தது.
– வாசகர், வள்ளியூர்

விற்பவரிடம் முன்பணம் கேட்கிற வியாபாரம் உலகில் எங்கும் கிடையாது. பழைய நாணயம், நோட்டு பேரில் நடக்கும் இதே மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021இலேயே எச்சரித்தது. எண்ணைத் தடைசெய்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

சாரல் மாதங்களில் தலைகள் ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. பாச்சை உருண்டை போட்டும் பயனில்லை.
– வாசகி, தென்காசி

பாச்சை உருண்டையை முதலில் எடுத்துவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சாது. பிளாஸ்டிக் உறையை இளக்கி இன்னும் கெடுத்துவிடும். ஆல்பங்களைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், அழுத்தம்தான் பசையை ஒட்ட வைக்கிறது. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை சூடாக்கி மறுபடி போடுங்கள். பிவிசி உறை நாளடைவில் மையை இழுக்கும். பாலியெஸ்டரோ பாலிபுரொப்பிலீனோ கேட்டு வாங்குங்கள்.

ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள். மூடி இறுக்கமான டிபன் பாக்ஸில் ஈரப் பஞ்சு வைத்து, மேலே சல்லடை போட்டு, அதன்மேல் தலையை வைத்து மூடுங்கள். தண்ணீர் தலையில் படக்கூடாது, ஈரக்காற்று மட்டும் போதும். மணிக்கொரு தரம் திறந்து ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். தானாக விட்டால் எடுங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள். பசை கொஞ்சம் சேதமாகும், பிழை தப்பும்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஐந்நூறு ரூபாயில் பிழைத் தலை சேகரிக்கத் தொடங்க முடியுமா?
– மாணவர், திருச்செந்தூர்

முடியும் தம்பி, ஆனால் அந்தப் பணத்தில் பிழைத் தலை வாங்காதே. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, முனை தட்டையான சாமணம் ஒன்று வாங்கு. துளை அளவு பார்க்கத் தனி அளவுகோல் கிடைக்காவிட்டால் ஸ்கேல் போதும்: இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை துளை என்று எண்ணு, அந்த எண்தான் அளவு. 13 துளை இருந்தால் அளவு 13. மேல் வரிசையும் பக்க வரிசையும் வேறுபடலாம், இரண்டையும் எண்ணு.

மிச்சத்தில் 200 ரூபாய் கட்டித் தபால் துறையில் சேகரிப்பாளருக்கான பிலாட்டலி டெபாசிட் கணக்குத் தொடங்கலாம், புதிய தலைகள் வீட்டுக்கே வரும். வந்ததும் முன்பக்கம் பார்க்காதே, அதை எல்லோரும் பார்ப்பார்கள். முதலில் பின்பக்கம், பிறகு ஓரத் தாள், பிறகு துளை வரிசை சேரும் மூலைகள், கடைசியில் படம். ஒரு ஷீட்டுக்கு ஐந்து நிமிடம். கையில் எண்ணெய் இருந்தால் கழுவிவிட்டு உட்கார்.